பனிக்காலமும் பட்டாவில் இல்லாத மரங்களும்

1

தமிழ் படித்தவர்களுக்குப் பொழுது ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி என்று உரையாசிரியர்கள் மாதக்கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். எம்.ஏ. தேர்வுக்காக இதையெல்லாம் மனப்பாடம் செய்தவன் நான். கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கு, பின்பனி பாலைக்கு என்று எழுதினால் மதிப்பெண் விழும். அந்தக் குளிரில் யார் எந்த விறகை எரித்தார்கள், அதை வெட்டும் உரிமை யாருக்கு இருந்தது என்கிற கேள்வி ஒரு வினாத்தாளிலும் வந்ததில்லை.

வராத அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மரத்தையும் பனியையும் எழுதுகிறவர்களில் இன்று நமக்குத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. ஒரு சாரார் திணை மரபின் வாரிசுகளாகத் தங்களை நினைத்துக்கொண்டு, மரத்தை மனநிலையின் படிமமாக மாற்றுகிறார்கள். இன்னொரு சாரார் சூழலியல் மொழியில், மரத்தை நீர், காற்று, வெப்பம் ஆகியவற்றின் கணக்காக மாற்றுகிறார்கள். இரண்டிலும் மரத்தின் அடியில் நிற்கும் ஆள் காணாமல் போய்விடுகிறார். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியைப் பொறுத்தவரை மரம் என்பது முதலில் ஓர் உரிமை. ஆண்டில் அந்த உரிமை கூர்மையாக வெளிப்படுவது பனிக்காலத்தில். விறகு நனைந்து கிடக்கும் காலமும் அதுதான், அடுப்பும் உடம்பும் நெருப்பை அதிகம் கேட்கும் காலமும் அதுதான்.

நெடுநல்வாடையிலிருந்து தொடங்கலாம். 188 அடிகள், நக்கீரர் பாடியது. வாடைக்காற்றைப் பெயரிலேயே வைத்திருக்கும் பாட்டு. அதன் தொடக்கத்தில் கோவலர்கள் வருகிறார்கள். வெள்ளத்துக்கு ஒதுங்கி மந்தையை வேறு நிலத்துக்கு ஓட்டிப்போகிறவர்கள், கையில் கொள்ளிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கன்னம் நடுங்க நிற்கிறார்கள். குரங்கு ஒடுங்கிக் கிடக்கிறது. பறவை விழுகிறது. கறவை தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. பிறகு பாட்டு ஊருக்குள் நுழைகிறது. அங்கே சாளரங்கள் அடைபட்டிருக்கின்றன, விசிறிகள் சும்மா தொங்குகின்றன, சந்தனக்கல்லுக்கு வேலை இல்லை, கூந்தலுக்கு அகில் புகைகிறது. குளிர்ந்த தண்ணீரை விட்டுவிட்டுத் தடவு என்னும் நெருப்புச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் பாசறை. அரசன் புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நள்ளிரவில் நடக்கிறான். அவனுக்கு முன்னால் போகிறவன் பிடித்திருக்கும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது.

இந்த வேப்பந்தழையை வைத்துத்தான் தமிழ்ப் புலமை நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறது. வேம்பு பாண்டியனுடைய அடையாளம். அடையாளப் பூவைச் சொல்லிவிட்டதால் தலைவன் இன்னான் என்று தெரிந்துவிடுகிறது, ஆகவே இது அகம் ஆகாது, புறம்தான் என்றார் மதுரைக்காரரான நச்சினார்க்கினியர். பிரிவையும் ஏக்கத்தையும் பேசுவதால் அகமே என்பவர்களும் உண்டு. அந்த வழக்கைத் தீர்த்துவைப்பது என் வேலை இல்லை. எனக்குப் படுவது வேறு. இந்தப் பாட்டில் மரம் வரும் மூன்று இடங்களைப் பார்க்கலாம். அரசனின் வேலில் வேம்பு, மாடத்துப் பெண்களின் கூந்தலில் அகில், கோவலன் கையில் கொள்ளி. முதல் இரண்டுக்கும் பெயர் இருக்கிறது. மூன்றாவதற்குப் பெயர் இல்லை. அது வெறும் கட்டை. அது எந்த மரம், எங்கே ஒடித்தது என்று பாட்டும் சொல்லவில்லை, உரையும் கேட்கவில்லை. பெயருள்ள மரத்தை வைத்து அகமா புறமா என்று ஆயிரம் ஆண்டு பேசிய ஒரு மரபு, பெயரில்லாத விறகைப் பற்றி மௌனமாக இருந்திருக்கிறது. இந்த மௌனம்தான் பிரதியின் மிக முக்கியமான பகுதி என்று நான் வாசிக்கிறேன்.

2

எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்தைத் தாண்டிக் கள்ளிக்குடிப் பக்கம். மானாவாரிக் கரிசல். 1895இல் பெரியாறு அணை திறந்ததும் மேலூர்ப் பக்கம் இருபோக வயலானது. 1959இல் வைகை அணை திறந்ததும் இன்னும் கொஞ்சம் நிலம் நஞ்சையானது. எங்களுக்கு வானம்தான் வாய்க்கால். மதுரை மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு நெருக்கமாக வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அது முடிந்தால் பனி. கரிசலில் மல்லியும் கொண்டைக்கடலையும் அதற்கப்புறம் பனியைக் குடித்துத்தான் வளரும்.

இந்தப் பனியை வடநாட்டுக்காரர் பார்த்தால் சிரிப்பார். இருபது டிகிரிக்கு இறங்கினாலே நமக்குக் குளிர். ஆனாலும் குளிர் என்பது வெப்பமானியில் மட்டும் இருப்பதில்லை, கூரையிலும் போர்வையிலும் இருக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது எல்லோரும் சொல்லும் பழமொழி. பனி மாசியில் கடுமையாகிறது என்பதுதான் வழக்கமான விளக்கம். அதை இப்படியும் வாசிக்கலாம்: தரையில் படுப்பவனைப் பனி தையிலேயே துளைத்துவிடுகிறது, மச்சு வீட்டுக்காரனைத் தொட அதற்கு இன்னும் ஒரு மாசம் ஆகிறது. பழமொழிக்குள் வர்க்கம் இருக்கிறது. நாம்தான் அதை வானிலை அறிக்கையாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது எங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் மரங்களுக்கு ஒரு கணக்கு எடுக்கலாம். கவிதைக்கான கணக்கு இல்லை, உரிமைக்கான கணக்கு.

கொல்லையில் முருங்கையும் பூவரசும். இரண்டும் வீட்டு மரம், பெண்களின் கையில் இருக்கும் மரம். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டு முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். அப்பத்தா துணிப்பந்தம் கொளுத்திக் கருக்கும். "முருங்கையை நம்பி ஏறாதே, கம்பளியை நம்பித் தொடாதே" என்று பிள்ளைகளை விரட்டும். இந்த மரத்தின் மேல் யாருக்கும் வழக்கு இல்லை.

பொழியில் வேம்பு. கட்டை நிலத்துக்காரருக்கு. ஆனால் ஆனி, ஆடியில் உதிரும் வேப்பமுத்து யார் பொறுக்கினாலும் அவர்களுக்கு. இப்படி ஒரே மரத்தில் இரண்டு உரிமை. பொழியை ஒட்டி வாகை. மார்கழியில் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் காய்ந்த நெற்றுகளைக் காற்றில் கலகலவென்று ஆட்டிக்கொண்டு நிற்கும். உதிர்ந்த சுள்ளி கூலிக்கு வந்தவர்களுக்கு, கொப்பு வெட்டினால் நிலத்துக்காரருக்கு. சுள்ளிக்கும் கொப்புக்கும் நடுவில் அரிவாள் இருக்கிறது. அரிவாள் எடுத்துக்கொண்டு வந்தால் திருட்டு, கையால் ஒடித்தால் வழக்கம்.

ரோட்டோரம் புளி. அடிமரத்தில் வெள்ளையடித்து எண் எழுதியிருக்கும். ஆண்டுதோறும் மகசூலுக்கு ஏலம். தை பிறந்து பழம் திரளும்போது குத்தகைக்காரரின் ஆள் மரத்தடியில் கட்டில் போட்டுவிடுவார். நான்குவழிச் சாலை வந்தபோது இந்த வரிசையில் பெரும்பகுதி வெட்டுப்பட்டது. இப்போது எண் இருக்கும் மரங்கள் குறைவு.

ஊருணிக் கரையில் ஆலும் அரசும். இலையும் விறகும் சாமிக்கு. நிழல் எல்லோருக்கும் என்று சொல்லிக்கொள்வோம். நிழலுக்கும் சாதி இருந்தது. அரசமரத் திண்டில் யார் உட்காரலாம், யார் ஓரமாக நிற்க வேண்டும் என்பது எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காலனியிலிருந்து வந்த பையன்கள் அந்தத் திண்டில் உட்கார்ந்து நான் பார்த்தது பள்ளிக்கூடம் முடித்த பிறகுதான்.

பனை. கள்ளும் பதநீரும் ஏறுகிறவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு என்பது பழைய கணக்கு. ஏறுவதற்கு ஆள் இல்லாமல் போன பிறகு பங்கும் போனது. பட்ட பனை ஒன்று மட்டும் கார்த்திகைக்கு வேண்டும். கோயில் முன்னால் நட்டு, ஓலை சுற்றி, சொக்கப்பனை கொளுத்துவார்கள். கூதிர்காலத்தின் நடுவில் ஊரே சேர்ந்து மூட்டும் பெரிய நெருப்பு அது. அந்தக் கரிக்கட்டையை எடுத்துப்போய்ப் புஞ்சையில் நட்டால் விளைச்சல் நல்லா இருக்கும் என்பது நம்பிக்கை. கட்டை எடுப்பதிலும் முதல் மரியாதை, இரண்டாம் மரியாதை உண்டு.

புறம்போக்கில் நிற்கும் மரத்துக்கு வருவாய்த் துறையில் 2சி பட்டா என்று ஒன்று இருக்கிறது. நிலம் அரசுடையது, மரத்தின் பலன் மட்டும் நட்டு வளர்த்தவருக்கு. மண்ணையும் மரத்தையும் சட்டமே தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மரத்துக்குப் பட்டா வாங்கத் தெரிந்தவர்கள் யார், கிராமக் கணக்கில் பெயர் ஏற்றிக்கொள்ள முடிந்தவர்கள் யார் என்று கேட்டால் ஊரின் சாதி வரிசை அப்படியே திரும்ப வரும்.

கடைசியாகச் சீமைக் கருவேலம். கண்மாய்க்குள், ஓடைக்கரையில், தரிசில், சுடுகாட்டு வழியில். இதற்கு யாரும் பட்டா கேட்டதில்லை. யாரும் நடவில்லை என்பதால் யாரும் தடுக்கவில்லை. நிலம் இல்லாத பெண்கள் மழை விட்ட மறுநாள் அரிவாளோடு போய்த் தைரியமாக வெட்டிச் சும்மாடு வைத்துத் தூக்கிவரக்கூடிய ஒரே மரம் எங்கள் பகுதியில் இதுதான். அரிவாள் இருந்தும் திருட்டு ஆகாத மரம்.

1842இல் மார்க்ஸ் என்னும் இளம் பத்திரிகையாளர் ரைன்லாந்துச் சட்டமன்றத்தில் நடந்த ஒரு விவாதத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். காட்டில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்குவதும் திருட்டுதான் என்று சட்டம் கொண்டுவந்த காலம் அது. மரம் சொத்து என்றால், மரத்திலிருந்து இயற்கையாகப் பிரிந்த சுள்ளியும் சொத்தா என்று அவர் கேட்டார். பொருளியலின் பக்கம் தன்னைத் தள்ளியது அந்த விவாதம்தான் என்று பின்னாளில் அவரே சொன்னார். நம்மில் பலர் அவரிடம் உபரி மதிப்பைப் படித்திருக்கிறோம், சுள்ளியைப் படிக்கவில்லை. என் ஊர் அரிவாளுக்கும் கைக்கும் நடுவில் கிழித்த கோடு ரைன் நதிக்கரையிலும் கிழிக்கப்பட்ட கோடுதான்.

3

சீமைக் கருவேலம் எப்போது வந்தது? ஊரில் யாரைக் கேட்டாலும், காமராசர் ஆட்சியில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து ஹெலிகாப்டரில் தூவினார்கள் என்பார்கள். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மரத்தின் பிறப்பிடம் மத்திய, தென் அமெரிக்கா. சென்னை மாகாணத்துக்கு இது வந்தது காமராசர் பிறப்பதற்கு முன்பே. வன அதிகாரி பெடோம் 1876இல் விதை கேட்டு அரசுக்கு எழுதினார், 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது, கடப்பைப் பக்கம் வறண்ட நிலத்தில் விதைத்தார்கள். பதிவு இப்படித்தான் போகிறது.

இந்த இரண்டு ஆண்டுகளையும் ஒரு தமிழ் வாசகர் எளிதில் கடந்துபோக முடியாது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்த காலம். அதே காலத்தில்தான் ரயிலும் வருகிறது. 1875இல் மதுரைக்கு, அடுத்து 1876இல் தூத்துக்குடிக்கு. எங்கள் கரிசலை இரண்டாகக் கிழித்துக்கொண்டு போகும் அந்தப் பாதைதான். சென்னை மாகாணத்தில் நிலக்கரி எளிதில் கிடைக்காத காலம் அது. எஞ்சின்கள் விறகைத் தின்றன. நகரங்களும் விறகைத் தின்றன. காடு சுருங்கியது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்து மிச்சமிருந்த காட்டைக் கோடு கிழித்து மூடியது. அதுவரை மலையடிவாரத்தில் மாடு மேய்த்தவரும் விறகு ஒடித்தவரும் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்கள்.

விறகுப் பஞ்சத்தை உண்டாக்கிய அதே நிர்வாகம், விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக ஒரு முள்மரத்தைக் கடல் தாண்டி வரவழைத்தது. வறட்சியைத் தாங்கும், ஆடு மாடு இலையைக் கடிக்காது, வெட்ட வெட்டத் தூரிலிருந்து தழையும், விறகு நின்று எரியும். காலனிய வனவியலுக்கு இதைவிட நல்ல மரம் கிடைக்குமா? ஏழைகளைக் காட்டிலிருந்து வெளியே வைத்துவிட்டு, காட்டுக்கு வெளியே அவர்களுக்கென்று ஒரு காடு. சீமைக் கருவேலத்தின் அரசியல் வரலாறு இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு பரவியது எப்படி? அதன் நெற்று இனிப்பு. ஆடு மாடு தின்னும். கடினமான விதை செரிக்காமல் சாணத்தோடு விழும். மழைத்தண்ணீர் விதையைக் கண்மாய்க்குக் கொண்டுபோகும். குடிமராமத்து நின்று தூர்ந்துபோன கண்மாய், விதைப்பு நின்ற தரிசு, மேய்ச்சல் ஆள் குறைந்த புறம்போக்கு என்று எங்கெல்லாம் ஊரின் கூட்டு உழைப்பு பின்வாங்கியதோ அங்கெல்லாம் அது முன்னேறியது. காலியான இடத்தை அது நிரப்பியது. அப்புறம் வேறு எதையும் வரவிடாமல் பண்ணியது.

கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலத்தின் கதை வேறு. 1981 வாக்கில் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழகத்தில் சமூகக் காடுகள் திட்டம் தொடங்கியது. கண்மாயின் நீர்பிடிப்பு ஓரங்களில் கருவேலம் வரிசையாக நட்டார்கள். தண்ணீரில் நின்றாலும் சாகாத மரம். பறவைக்கும் பிடிக்கும். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி 1977இலேயே சரணாலயம் ஆனது. அங்கே கூதிரில் வந்து கூடு கட்டும் பறவைகள் கலையக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஊர் தானாகக் காத்தது அது. சமூகக் காடு அப்படி இல்லை. நட்ட மரம் பெரிதாகும்வரை ஆட்டுக்குத் தடை. பெரிதானதும் ஏலம். 'சமூகம்' என்ற சொல் திட்டத்தின் பெயரில் இருந்தது. ஏலத்தில் நின்றவர்கள் டிராக்டர் வைத்திருந்தவர்கள். எங்கள் ஐயா அந்தக் கண்மாயில் ஆடு மேய்த்தவர். "மரம் நம்ம கண்மாயிலதான் நிக்கும். நிழல்கூட நம்மது இல்லப்பா" என்பார்.

4

2016இல் கூதிர் பொய்த்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. நூறாண்டுக்கு மேற்பட்ட பதிவுகளில் மிக மோசமான ஆண்டுகளில் ஒன்று. கண்மாய் வறண்டது, ஆழ்குழாய் வறண்டது. ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் உட்கார்ந்த அதே பனிக்காலத்தில், சீமைக் கருவேலத்தை ஒழிக்கும் இயக்கமும் சூடு பிடித்தது.

இதற்கு முன்பே வைகோ தொடர்ந்த பொதுநல வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இருந்தது. 2017 தொடக்கத்தில் தென்மாவட்டங்களில் இந்த மரங்களை அகற்றக் கடுமையான உத்தரவுகள் வந்தன. கண்காணிக்க வழக்கறிஞர்களை ஆணையர்களாக நியமித்தார்கள். மாணவர்கள் அரிவாளோடு போனார்கள், பொக்லைன்கள் இறங்கின, தினமும் புகைப்படம் வந்தது. பெயரிலேயே ஏரியை வைத்திருக்கும் உலகனேரியில்தான் அந்த நீதிமன்றம் இருக்கிறது. அதே ஆண்டுக் கோடையில் சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இந்தப் பணியை நிறுத்திவைத்து வல்லுநர் கருத்தைக் கேட்டது. 2022இல் அயல் தாவரங்களைக் கட்டுப்படுத்தத் தமிழக அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. வழக்கின் கதை சுருக்கமாக இது.

அந்த மாதங்களில் புழங்கிய சொல்லாடலைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். துண்டறிக்கைகளும் கைப்பேசிச் செய்திகளும் சொன்னவை இவை: இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதனால் மேகம் கலைந்துவிடும். வேர் 175 அடி போகும். இதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது. 175 அடிக் கணக்குக்கு ஒரு மூலம் உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில், இந்த மர இனத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் இருந்ததை 1960களின் தொடக்கத்தில் பதிவு செய்தார்கள். எங்கோ ஒரு பாலைவனத்தில் ஒரு மரம் எட்டிய உச்ச ஆழம், கரிசல்காட்டில் நிற்கும் ஒவ்வொரு புதருக்கும் அளவாகிவிட்டது. மழை பெய்யாததற்கு மரத்தைக் காரணம் சொல்லியாயிற்று. கண்மாயைத் தூர்த்தவர்கள், வரத்துக்கால்வாயை மறித்து மனை போட்டவர்கள், வைகை மணலை அள்ளியவர்கள் எல்லோரும் மரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தது.

தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மரம் கெடுதல் செய்வது உண்மை. கண்மாயின் உட்பகுதியை அடைத்துக்கொள்கிறது, மேய்ச்சல் புல்லைக் கொல்கிறது, உசிலையும் இலந்தையும் மஞ்சணத்தியும் நின்ற இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. உசிலம்பட்டியின் பெயரில் உசிலை நிற்கிறது, தரையில் நிற்பது பெரும்பாலும் முள். மதுரையைச் சுற்றி விளாங்குடி, அரசரடி, ஆத்திகுளம், புளியங்குளம், பனையூர், ஆலம்பட்டி என்று மரம் பெயராகவே மிஞ்சிய இடங்கள் எத்தனை! நகரத்துக்கே கடம்பவனம் என்று பெயர். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பட்டுப்போன ஒரு கடம்பமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வெளியே கடம்பு தேடினால் கால் வலிக்கும். இந்த இழப்பையெல்லாம் நான் மறுக்கவில்லை.

நான் கேட்பது இது. 2017இல் அகற்றுவதா வேண்டாமா என்று பேசியவர்களில் விறகு சுமக்கும் பெண் எங்கே இருந்தாள்? கரிமூட்டம் போடுகிறவர் எங்கே இருந்தார்? மழை விட்டபின் கட்டையை அடுக்கி, தழை போட்டு, மண் பூசி, நாள் கணக்கில் புகையை விழுங்கிக்கொண்டு காவல் காத்து, கரியைச் சாக்கில் கட்டி அனுப்பும் குடும்பங்கள் விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் ஏராளம். விவசாயம் கைவிட்ட மாதங்களில் அவர்களுக்குச் சோறு போட்டது இந்த முள். 2006க்குப் பின் இலவச எரிவாயு அடுப்பு வந்தது உண்மைதான். அடுப்பு இலவசம், சிலிண்டர் காசு. ஐப்பசி அடைமழையில் வேலை இல்லாத வாரத்தில் சிலிண்டர் தீர்ந்தால் என்ன எரியும்? அந்தக் கேள்விக்கு உத்தரவுகளில் ஒரு வரி இல்லை.

நாட்டு மரம், சீமை மரம் என்கிற எதிர்மை ஒரு வசதியான எதிர்மை. மிளகாய் சீமையிலிருந்து வந்தது. நிலக்கடலை வந்தது. கொய்யா வந்தது. சமையலறைக்குள் வந்ததற்கெல்லாம் குடியுரிமை கொடுத்துவிட்டோம். புறம்போக்கில் நின்றது மட்டும் அந்நியன். 'அந்நியன்' என்ற சொல்லை மரத்துக்குச் சூட்டிப் பழகும் நாக்கு, நாளைக்கு அதை மனிதருக்குச் சூட்டக் கூசாது. அந்த மரத்தோடு பிழைக்கும் ஆட்களையும் அது அப்போதே பாதி சூட்டிவிட்டது. 'கருவக்காட்டுப் பயலுக' என்று எங்கள் பக்கம் வசவாகச் சொல்வது மரத்தைக் குறித்து மட்டும் இல்லை.

5

ஒரு நினைவூட்டல். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், மேலவளவு ஊராட்சிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. மேலவளவில் தலைவராக வந்த முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். மற்ற மூன்று ஊர்களிலும் 2006 வரை முறையான தேர்தல் நடக்கவிடவில்லை. இதைக் கௌரவப் பிரச்சினை என்று மட்டும் எழுதிக் கடந்தவர்கள் உண்டு. ஊராட்சித் தலைவர் என்பது வெறும் நாற்காலி இல்லை. கண்மாயின் மீன்பாசி ஏலம், கருவேல மர ஏலம், புளிய மகசூல் எல்லாம் அந்த நாற்காலியைச் சுற்றித்தான் நடக்கின்றன. பொதுச்சொத்து யார் கையெழுத்தில் பொதுவாகிறது என்பதுதான் பிரச்சினை. மரத்தைப் பற்றிய வரலாறு இரத்தத்தைப் பற்றிய வரலாறாகவும் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மேலூருக்கு அருகில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. 2024 நவம்பரில் அந்தப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் போனது. 2025 ஜனவரி 7ஆம் தேதி, மார்கழிக் குளிரில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைவரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் நடந்தால் நடக்கும் என்று காட்டிய போராட்டம். அதை மதிக்கிறேன். ஆனால் அரிட்டாபட்டிக்குச் சமணப் படுக்கை இருக்கிறது, தமிழி எழுத்து இருக்கிறது, பாண்டியர் குடைவரை இருக்கிறது, வல்லூறு இருக்கிறது. பாரம்பரியம் என்று காட்ட அதனிடம் ஆவணம் உண்டு. எங்கள் ஊர்ப் புறம்போக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. முள்ளும் ஓடையும் ஆட்டுத்தடமும்தான். நாளை அது சூரியமின் பூங்காவுக்கோ மனைப்பிரிவுக்கோ போகும்போது, 'வெறும் கருவக்காடுதானே' என்ற ஒரு சொல் போதும். மரத்தின் மேல் வளர்த்த வெறுப்பு, நிலத்தைக் கைமாற்ற உதவும் சொல்லாக மாறும். 2017இன் சொல்லாடலைப் பற்றி எனக்குள்ள அச்சம் இதுதான்.

நண்பர்கள் கேட்பார்கள்: அப்படியென்றால் முள்ளை வைத்துக்கொண்டு கும்பிடச் சொல்கிறாயா? இல்லை. கண்மாய்க்குள் இருப்பதைத் தூரோடு எடுக்க வேண்டும். எடுக்கிற வேலை கூலியாக அந்த ஊரின் நிலமற்றவர்களுக்குப் போக வேண்டும். வெட்டிய விறகு அவர்களுக்குச் சேர வேண்டும். ஏலத்துக்குப் போகக் கூடாது. எடுத்த இடத்தில் வேம்போ உசிலையோ இலந்தையோ நட்டால், சுள்ளிக்கும் நெற்றுக்கும் நிழலுக்கும் யாருக்கு உரிமை என்று நடும்போதே கிராமசபையில் எழுதிவைக்க வேண்டும். எழுதாத உரிமை வலுத்தவன் உரிமை என்பதை இந்தச் சமவெளி போதுமான அளவு பார்த்துவிட்டது.

எழுதுகிறவர்களுக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஊருக்கு ஊர் மரக்கணக்கு ஒன்று எடுக்க வேண்டும். எத்தனை மரம் என்ற கணக்கை வனத்துறை எடுக்கும். நாம் எடுக்க வேண்டியது எந்த மரத்தடியில் யார் உட்கார்ந்தார்கள், எந்த மரத்தில் யார் ஏறினார்கள், யார் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள், எந்த விறகு எந்தத் தெருவில் எரிந்தது என்ற கணக்கு. கிராமக் கணக்குப் புத்தகத்தில் இது இருக்காது. எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் இருக்கிறது. எங்கள் அப்பத்தா போய் ஏழு வருஷம் ஆகிறது. தெருவில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். மார்கழி விடியலில் வாசலில் சுள்ளியைக் கூட்டித் தீ மூட்டி உட்காரும்போது கேட்டால் சொல்வார்கள். கேட்கப் போகிறவர் அந்தத் தீயில் போட ஒரு கட்டை எடுத்துக்கொண்டு போகட்டும். அது எந்த மரம் என்று முதலில் அவர்களே சொல்வார்கள்.